கேட்காமலே கொடுக்க வைத்தவர்கள்: பெசன்ட் நகர் ஆமை நடை, ஓர் அனுபவ மதிப்புரை

31 வருடம் ஆயுள் காப்பீட்டு முகவராக வேலை பார்த்தவள் நான். அடுத்தவர் பையிலிருந்து பணம் எப்படி வெளியே வரும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே, இன்று இந்த வீட்டில் கையெழுத்துக் கிடைக்குமா அல்லது மோர் மட்டும்தான் கிடைக்குமா என்று சொல்லிவிடுவேன். ஆகவே யாராவது நன்கொடை கேட்டு வந்தால், கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட, எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் என் கவனம் முதலில் போகும். தொழில் புத்தி. ஓய்வு பெற்றாலும் போகாது.

இந்த மதிப்புரை, கடலாமை முட்டைகளைத் தேடிக் காக்கச் சென்னைக் கடற்கரையில் இரவில் நடக்கும் ஆமை நடையைப் பற்றியது. ஆனால் அதற்கு முன், என்னை ஏறக்குறைய இந்தப் பக்கமே வரவிடாமல் செய்த இன்னொரு அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வணிக வளாகத்தில், ஒரு பெரிய அமைப்பின் சட்டை போட்ட பையன் என்னை நிறுத்தினான். பெயர் வேண்டாம். கையில் ஒரு படம். காலில் கம்பி இறுகிய ஒரு விலங்கு, ரத்தம். "மேடம், ஒரு நிமிடம் கண்ணை மூடி இந்த வலியை நினைத்துப் பாருங்கள்" என்றான். எனக்கு அந்த விலங்கைவிட அந்தப் பையனைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது. மாத இலக்கு அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மார்ச் மாதக் கடைசியில் என் முகமும் அப்படித்தான் இருக்கும். சரி என்று மாதா மாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு எந்தக் காட்டில் என் பணம் செலவானது, அந்த விலங்கு பிழைத்ததா என்று ஒரு வரி வரவில்லை. வந்ததெல்லாம் தொகையைக் கூட்டச் சொல்லும் தொலைபேசி அழைப்புகள். நிறுத்தச் சொல்லி எழுதிய பிறகும் நான்கு மாதம் பணம் போனது. ரசீது கேட்டால், கையெழுத்து வாங்கிய ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்ற பதில்.

அன்றோடு 'காட்டுக்கும் மிருகத்துக்கும் காசு' என்ற கணக்கை மூடிவிட்டேன்.

2025 பிப்ரவரியில் பேத்திதான் மறுபடி திறந்தாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு. "பாட்டி, சனிக்கிழமை ராத்திரி கடற்கரையில் நடக்கப் போகிறேன். தனியாக அனுப்ப மாட்டேன் என்கிறார் அப்பா. நீங்கள் வருகிறீர்களா?" என்றாள். எனக்கு 63 வயது, இடது முழங்கால் மழைக்காலத்தை இரண்டு நாள் முன்னதாகவே அறிவிக்கும். இருந்தாலும் போனேன்.

நடத்துகிறவர்கள் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு. 1988-இல் மாணவர்கள் தொடங்கியது. இன்றுவரை தன்னார்வலர்களாலேயே நடக்கிறது. அதற்கும் முன்பே, 1970-களில், கடலாமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் இதே மணலில் இரவெல்லாம் ஆமை தேடி நடந்திருக்கிறார்கள். 1988 முதல் கணக்கிட்டால் அன்றைக்கு 37 வருடம். நான் விற்ற பாலிசிகளில் பாதி, மூன்றாம் வருடத்திலேயே காலாவதியானவை. சம்பளம் இல்லாத ஒரு வேலை, ஆள் மாறி ஆள் மாறி, ஒரு பருவம்கூட விடாமல் நடக்கிறது என்றால் என் மொழியில் அது பெரிய விஷயம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடும் காலம். பொதுமக்களை வார இறுதி இரவுகளில் அழைத்துப் போகிறார்கள். முன்பதிவு உண்டு, கட்டணம் கிடையாது. இரவு 11 மணி வாக்கில் நீலாங்கரையில் கூடச் சொன்னார்கள்.

முதலில் ஒரு விளக்க உரை. இதைத்தான் நான் கூர்ந்து கவனித்தேன். பேசியது ஒரு பெண். என் பேத்தியைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருப்பாள். ரத்தப் படம் இல்லை. "நினைத்துப் பாருங்கள்" இல்லை. வருவது பங்குனி ஆமை. பங்குனியை ஒட்டி வருவதால் மீனவர்கள் வைத்த பெயர். ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. பெரிதானால் 35 முதல் 45 கிலோ. தரை ஆமையைப் போலத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இதற்கு முடியாது. ஒரு தடவைக்கு நூறுக்கு மேல் முட்டை. குஞ்சுகள் பொரிய 45 நாள் முதல் 60 நாள். மணலின் சூட்டைப் பொறுத்து ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகும். சூடு கூடினால் பெண். கடலில் இறங்கும் குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் வளர்ந்து ஆளாகும் என்பது பொதுவான கணிப்பு.

ஆயிரத்துக்கு ஒன்று என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் தொழிலே இறப்பு விகித அட்டவணையில்தான் நிற்கிறது. இந்த வயதில் ஆயிரம் பேரில் இத்தனை பேர் இறப்பார்கள், ஆகவே பிரீமியம் இவ்வளவு. இந்த ஆமைக்குஞ்சுக்கு உலகத்தில் எந்தக் கம்பெனியும் பாலிசி கொடுக்காது. பக்கத்தில் இருந்த பேத்தியிடம் சொன்னேன். "பாட்டி, சும்மா இருங்கள்" என்றாள்.

இன்னொன்றும் நினைத்துக்கொண்டேன். தமிழர்களிடம் ஆமையை விற்பது லேசான வேலை இல்லை. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பழமொழி வைத்திருக்கிற சனம் நாம். என் மாமியார் ஆமைப் படம் போட்ட நாள்காட்டியைக்கூட வீட்டில் மாட்டவிட மாட்டார். சிங்கத்துக்கும் யானைக்கும் கேட்டால் கை தானாக நீளும். இது அப்படி இல்லை. சரக்கு கடினம், வாடிக்கையாளர் அதைவிடக் கடினம்.

பிறகு விதிமுறைகள். டார்ச் கூடாது, கைபேசி வெளிச்சம் கூடாது, ஆமையைப் பார்த்தால் ஓடக் கூடாது, பேச்சு மெதுவாக. கரையேறும் ஆமை வெளிச்சம் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். குஞ்சுகளுக்கு இதன் மறுபக்கம்: பொரிந்ததும் வெளிச்சமான பக்கம் நோக்கி ஓடும். ஒரு காலத்தில் அந்த வெளிச்சம் கடல்மேல்தான் இருந்தது. இப்போது எதிர்ப்பக்கம், நம் தெருவிளக்குகளில் இருக்கிறது. குஞ்சுகள் சாலையை நோக்கிப் போகின்றன. நாய், காகம், வண்டிச் சக்கரம். அதனால்தான் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள்.

நடக்கத் தொடங்கியபோது மணி பன்னிரண்டரை. மணலில் நடப்பது நடை இல்லை, தண்டனை. ஈர மணலில் நடந்தால் கால் புதையாது என்று ஒரு பையன் சொல்லிக் கொடுத்தான். சொல்லிவிட்டு முன்னால் ஓடாமல் என்னோடேயே நடந்தான். அந்தக் கூட்டத்தில் வயதானவள் நான் ஒருத்திதான். நிலவு இல்லை. அலை நுரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்து மறையும். சென்னையில் பிறந்து வளர்ந்தவள், இந்தக் கடலை இவ்வளவு நேரம் இருட்டில் பார்த்ததே இல்லை.

வழியில் செத்த ஆமைகள் கிடந்தன. நான்கு எண்ணினேன். அந்த ஜனவரியில்தான் சென்னை, செங்கல்பட்டுக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின; எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாகச் செய்தித்தாள்கள் எழுதின, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆமை மீன் இல்லை. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகுகள் இழுக்கும் இழுவலையில் மாட்டினால் வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகிறது. ஒவ்வோர் உடலையும் அளந்து குறித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அங்கே யாரும் எங்களை நிறுத்தி உரை நிகழ்த்தவில்லை. அந்த வணிக வளாகத்துப் பையனாக இருந்தால் அந்த இடத்தில்தான் படிவத்தை நீட்டியிருப்பான். நானாக இருந்தாலும் நீட்டியிருப்பேன் என்று ஒப்புக்கொள்கிறேன். துக்க வீட்டில் பாலிசி பேசிய முகவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு மேல் முன்னால் போன பெண் கையைத் தூக்கினாள். மணலில் தடம். கடலிலிருந்து ஏறி, மேலே ஒரு வளைவு, மறுபடி கடலுக்கு. டிராக்டர் டயர் ஏறி இறங்கிய மாதிரி, இரண்டடி அகலம். ஆமை போய்விட்டிருந்தது. எனக்குச் சப்பென்று ஆனது, மறைக்கவில்லை. ஆமை நடைக்கு வந்து ஆமையைப் பார்க்காமல் போவது சகஜம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இப்படிச் சொல்வதையும் குறித்துக்கொண்டேன். கிடைக்காததைக் கிடைக்கும் என்று சொல்லாதது.

தடம் வளைந்த இடத்தில் மணல் கலைந்து கிடந்தது. அந்தப் பெண் ஒரு மெல்லிய கம்பை எடுத்து, கைப்பிடியில் எடையே கொடுக்காமல், அங்குலம் அங்குலமாக மணலில் இறக்கிப் பார்த்தாள். இங்கே இறுக்கம். இங்கேயும் இறுக்கம். அடுத்த இடத்தில் கம்பு வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது, உடனே நிறுத்திவிட்டாள். பிறகு கையால் தோண்டினாள். கை போதாமல் குப்புறப் படுத்தாள். தோள் வரை குழிக்குள் போய், கன்னம் மணலில் பதிந்து கிடந்தது. குழி குடம் போல இருக்குமாம்: கழுத்துக் குறுகல், வயிறு அகலம், ஒன்றரை அடி ஆழம். பின்துடுப்புகளாலேயே, பார்க்காமலே, தாய் ஆமை அந்தக் குடத்தை வனைந்திருக்கிறது.

முதல் முட்டை வெளியே வந்தது. மேஜைப் பந்து அளவு, அதே வெள்ளை. ஆனால் ஓடு கோழி முட்டை மாதிரி இல்லை. தோல் போல, விரல் பட்ட இடத்தில் லேசாகக் குழிந்தது. மேலே ஈரப் பசை.

"அம்மா, நீங்கள் எண்ணுகிறீர்களா?" என்று என் கூடவே நடந்த பையன் ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் என் கையில் கொடுத்தான்.

இங்கேதான் நான் தோற்றேன். என் தொழிலில் பழைய பாடம் ஒன்று உண்டு: வாடிக்கையாளர் கையில் பேனா போய்விட்டால் வியாபாரம் முடிந்தது. அவர் பெயரை அவரே எழுதட்டும், பிள்ளைகள் பெயரை அவரே எழுதட்டும், நீ வாயை மூடிக்கொண்டு உட்கார். 31 வருடம் நான் பிறருக்குச் செய்ததை, அந்தப் பையன் தெரியாமலே எனக்குச் செய்துவிட்டான். ஒன்று, இரண்டு என்று அவள் துணிப்பையில் வைக்க வைக்க, பத்துக்கு ஒரு கோடு போட்டேன். நாற்பதைத் தாண்டியதும் சுற்றி நின்றவர்களும் கூடவே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நூறு வந்தபோது யாரோ "அப்பாடா" என்றார். 117-இல் நின்றது. "நிச்சயமா? இன்னொரு தடவை தடவிப் பாரம்மா" என்றேன், என் பணத்தை யாரோ எண்ணித் தந்தது போல. தடவிப் பார்த்து, இல்லை என்றாள். 117.

விடியும் நேரத்தில் பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குட வடிவில் குழி எடுத்துப் புதைத்தார்கள். சில மணி நேரத்துக்குள் வைத்துவிட வேண்டும். கரு ஓட்டோடு ஒட்டத் தொடங்கிய பிறகு முட்டையைப் புரட்டினால் அது பிழைக்காது. தேதியும் எண்ணிக்கையும் எழுதி ஒரு குச்சி நட்டார்கள். பிறகு நான் காத்திருந்தேன். இப்போது கேட்பார்கள், இப்போது கேட்பார்கள் என்று. எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார்கள். கேட்கவே இல்லை! என் உள்ளே இருந்த முகவருக்குப் பொறுக்கவில்லை. இப்படிக் கனிந்த வாடிக்கையாளரைச் சும்மா அனுப்புவார்களா? கடைசியில் நானே போய், "பணம் கொடுக்க வேண்டுமென்றால் எப்படி?" என்று கேட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த நடையைப் பற்றிய என் தீர்ப்பு அவ்வளவுதான். இரக்கத்தைக் கேட்டு வாங்கினால் ஒரு மாதத் தவணை வரும். வேலையில் ஒரு துண்டைக் கையில் கொடுத்தால் ஆளே வந்துவிடுவார்.

இது புதிய வித்தையும் இல்லை. வேடந்தாங்கல்காரர்களுக்குத் தெரியாததா? ஏரியில் வந்து தங்கும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து, அந்தத் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்பதைக் கண்டுகொண்டு, பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கச் சொல்லி வெள்ளைக்கார ஆட்சியரிடமே போய் நின்றவர்கள். 1858-இல் செங்கல்பட்டு ஆட்சியரிடம் உத்தரவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு யாரும் ரத்தப் படம் காட்டவில்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையும் இருக்கிறது. முதலையைத் தத்தெடுங்கள் என்று கேட்கிறார்கள். 'தத்து' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவர் என் தொழிலுக்கு வந்திருந்தால் முதல் வருடமே கோடி ரூபாய்க்கு விற்றிருப்பார். அங்கேயே 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது; நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து நஞ்செடுத்து, நஞ்சுமுறிவு மருந்துக்கு விற்கிறார்கள். பாம்பைக் கொல்லாமல் விட்டால் பணம் வரும் என்பதைவிடப் பெரிய விளக்க உரை வேண்டுமா? அதன் உறுப்பினர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் எல்லாவற்றையும் நோட்டும் பேனாவும் தீர்த்துவிடாது. ஊரூர்க் குப்பத்தில் எனக்கு ஒரு பழைய பாலிசிதாரர் உண்டு. நடை முடிந்த வாரம் அவரைப் பார்த்தேன். "அக்கா, நாங்கள் ஃபைபர் படகுக்காரர்கள், கரையோரம்தான் எங்கள் பிழைப்பு. ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. யார் கேட்கிறார்கள்?" என்றார். இழுவலையில் ஆமை தப்பிக்க ஒரு வழி வைத்துத் தைக்கலாமே, அப்படி ஒரு கருவி இருக்கிறதாமே என்றேன். "இருக்கிறது. ஆமை போகிற வழியில் கொஞ்சம் இறாலும் போகும் என்று விசைப்படகுக்காரன் சொல்வான். அந்த இறாலுக்கு யார் காசு கொடுப்பார்கள்?" என்று என்னையே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் நன்கொடை கேட்கிற எல்லாப் பெரிய அமைப்புகளும் பதில் வைத்திருக்க வேண்டிய கேள்வி இதுதான் என்று தோன்றியது. இழப்பு ஒருவருக்கு, புண்ணியம் இன்னொருவருக்கு என்றால் எந்தத் திட்டமும் நிற்காது. இதைக் காப்பீட்டுக்காரி சொன்னால் நம்பலாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அடர்நிறத் துணி, பழைய செருப்பு, தண்ணீர். மதியம் தூங்கிவிட்டுப் போங்கள். ஆறேழு கிலோமீட்டர் மணல். முழங்கால் வலி உள்ளவர்கள் தைலத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலரை போடுகிறேன். அந்த அரையைப் பிடித்தது என் முழங்கால், அவர்கள் இல்லை. பொதுவாக எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். 80ஜி என்று பழக்கத்தில் சொல்லும் நன்கொடை வரிச் சலுகைச் சான்று இருந்தால் பழைய வரி முறையில் கழிவு கிடைக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கும் படிவத்தில் மட்டும், நிறுத்துவது எப்படி என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் நாட்குறிப்பில் பழைய வாடிக்கையாளர்களின் தவணைத் தேதிகள் இன்னும் இருக்கின்றன. அதற்குக் கீழே, ஏப்ரல் முதல் வாரத்துக்கு நேராக, '117' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். 50-ஆம் நாள் பேத்திக்கு அழைப்பு வந்தது. சாயங்காலம் போனோம். குச்சி நட்ட இடத்தில் மணல் ஒரு சாண் உள்வாங்கியிருந்தது. அதிலிருந்து கறுப்பாக ஒரு மூக்கு, பிறகு ஒரு துடுப்பு, பிறகு பத்து பதினைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. இரண்டு விரற்கடை நீளம்தான். கூடையில் எடுத்து, கடலுக்குச் சில அடி முன்னால் மணலில் விட்டார்கள். அங்கிருந்து அவையே நடக்க வேண்டும். முதல் அலை வந்து ஒரு குஞ்சைத் திருப்பிப் போட்டது. அது நிமிர்ந்து மறுபடி அதே பக்கம் போனது.

வெற்று ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்காமலே போய் உட்கார்ந்து நோட்டை வாங்கிக்கொண்டேன். 104 பொரிந்திருந்தது, 13 இல்லை. அடுத்த ஜனவரிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஊரூர்க் குப்பத்துத் தம்பியையும் ஒரு நாள் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். விளக்க உரைக்குப் பதில் அவரே பேசட்டும், இறாலைப் பற்றி.